வெயிலுக்குக் கட்டிய வெள்ளை

சிவகாமிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஒஸ்லோவில் இருக்கும் தமிழ்ச் சனம் சொல்லும். அந்தக் 'கொஞ்சம்' மரியாதைக்காகச் சேர்த்துக்கொள்வது. அவளுடைய கணவன் ஸ்ரீதரன் அந்த மரியாதையையும் பார்ப்பதில்லை. "என்ர மனுசிக்கு முதல் வாய் பிறந்தது, பிறகுதான் ஆள் பிறந்தது" என்று அவளை வைத்துக்கொண்டே சொல்வான். அவள் கோபிக்கமாட்டாள். "உங்களுக்கும் சேர்த்துத்தானே நான் கதைக்கிறன், பேசாமல் இருங்கோ" என்பாள். அது வெறும் பகிடி இல்லை. ஸ்ரீதரனுக்கு நீட்டிக் கதைக்க மூச்சுக் காணாது. வருடக்கணக்காகப் பேக்கரியில் மாத்தூசிக்குள் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். கொஞ்சம் தூசி பட்டால் போதும், இருமல் ஆளைப் பிடித்து உலுப்பிவிடும்.

அந்த நெஞ்சுக்கும் தமிழ் மன்றத்தின் மண்டபத்துக்கும் ஒத்துவரவில்லை. இவ்வளவு ரகளையும் அதனால் வந்ததுதான்.

மண்டபம் என்று பெயர்தான் பெரிசு. வெஸ்ட்லியில் ரயில் பாதை முடிகிற இடத்தில் இறங்கி, பனியில் சறுக்காமல் நடந்துபோகத் தெரிந்தவர்களுக்கு அது கொஞ்சத் தூரம். முந்தி அது டயர் அடுக்கி வைத்த களஞ்சியம். தகரச் சுவர், சீமெந்து நிலம், அண்ணாந்து பார்த்தால் கழுத்துப் பிடிக்கிற உயரத்தில் கூரை. மலிவாகக் கிடைத்த மாட்டின் பல்லை யார் பிடித்துப் பார்த்தார்கள்? எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு அதற்குள் நம்முடைய முறையெல்லாம் வந்துவிட்டது. வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கதிரை கிடையாது, பாயில் சப்பாணி கட்டித்தான் இருக்க வேண்டும். கோடையில் நல்ல முறைதான். தை மாதத்தில் அந்தச் சீமெந்தில் ஒரு நாழிகை இருந்து பார்த்தால் தெரியும், எழும்பும்போது இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டிவரும்.

குளிருக்கு மன்றம் வைத்திருந்தது இரண்டு பெரிய ஊதிகள். காற்றைச் சூடாக்கி ஊதுகிற இயந்திரம். போட்டால் விமானம் கிளம்புகிற இரைச்சல். பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்பது பாடுகிறவருக்கே கேட்காது. அது ஊதுகிற சூடு என்ன ஆகும்? நேரே கூரைக்குப் போகும். கூரையில் இருந்த சிலந்திக்குக் கோடை, பாயில் இருந்த சனத்துக்கு மார்கழி. யாராவது கதவைத் திறந்தால் அதுவும் போச்சு, கடலில் கரைத்த பெருங்காயம்தான். மிச்சமாகக் கிடைத்தது தூசி. மூலைமுடுக்கில் பழைய டயர்கள் விட்டுப்போன கரித்தூசியையெல்லாம் கிளப்பி, ஊதி மண்டபம் முழுக்க விசுக்கிக்கொண்டே இருக்கும். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

ஸ்ரீதரன் மிருதங்கம் வாசிப்பவன். சும்மா வாசிப்பவன் இல்லை, கேட்டவர்கள் எழும்பிப் போகமாட்டார்கள். அந்த மனுசன் மூன்று மாரிகாலமாக மண்டபத்துக்கு வெளியே காருக்குள் இருந்தான். எஞ்சினைப் போட்டுக்கொண்டு, மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே மகள் கம்சிகா பாடுகிற நேரத்தைக் கணக்குப் பண்ணித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு இருந்தான். அவள் உள்ளே ஒலிநாடா மிருதங்கத்துக்குப் பாடுவாள். இந்த மாரி தொடங்கியதும் கம்சிகா சொல்லிவிட்டாள்: "இந்தப் பொங்கலுக்கு அப்பா வாசிக்காட்டி நான் பாடேல்லை. டேப்புக்குப் பாட எனக்கு ஏலாது." தாயின் மகள்தானே, சொன்னால் சொன்னதுதான்.

சிவகாமிக்கு அன்றிலிருந்து ஒரே எண்ணம். என் புருஷன் உள்ளே வந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவள் குரூருட்டில் ஒரு மின்பொருள் கடையில் வேலை செய்தாள். கடையின் பின்பக்கம் சாமான் இறக்குகிற வாசல். அந்தப் பெரிய கதவு பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். அந்த மாரியில் முதலாளி அதற்கு மேலே ஒரு பனல் கட்டித் தொங்கவிட்டார். வெள்ளை நிறத்தில், பெரிய தட்டுப்போல ஒரு சாமான். ஊதாது, இரையாது, சிவந்து எரியவும் செய்யாது. அது வேலை செய்கிறதா என்றே தெரியாது. சிவகாமி ஒருநாள் அதற்குக் கீழே நின்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். வெளியே பனி கொட்டுகிறது, காற்று உள்ளே வருகிறது, அவளுடைய தோளிலும் உச்சந்தலையிலும் வெயில் படுகிறது. "இதென்ன கூத்து!" என்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டடி தள்ளி நின்றால் இல்லை, கீழே வந்தால் இருக்கிறது. ஒரு மட்டை அட்டையை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தாள். அந்த நிமிடமே வெயில் நின்றது. எடுத்தாள், மறுபடி எறித்தது. சாப்பாட்டை மறந்து பிடித்தும் எடுத்தும் விளையாடிக்கொண்டு நின்றவளை முதலாளி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் விசயத்தை வைத்தாள்.

மன்றத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா. பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மண்டபத்தைத் தேடி எடுத்தது அவர்தான், பொங்கலுக்குக் கரும்பு தருவித்துக் கொடுப்பதும் அவர்தான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த ஊதிகளும் அவர் தேடிக் கொண்டுவந்தவை.

"காத்தைச் சூடாக்கிறேல்லை அண்ணை. நேர ஆளைச் சூடாக்கும், நிலத்தைச் சூடாக்கும். வெயில் மாதிரி" என்றாள் சிவகாமி.

"கேட்டியளே, வெயிலைத் தட்டில வைச்சு விக்கினமாம்!" என்று தலைவர் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. "பிள்ளை, ஒரு சத்தமும் இல்லாமல் வெக்கை வருமோ?"

"சூரியன் என்ன இரைஞ்சு கொண்டே வருது?"

இப்போது கூட்டம் அவளுக்காகச் சிரித்தது. தலைவருக்கு முகம் சுருங்கியது.

"எங்கட கடையில காட்சிக்கு வைச்ச ஆறு பனல் கிடக்கு, முதலாளி மலிவாத் தாறன் எண்டவர். கிளெமென்ற் தம்பி வந்து பூட்டித் தருவார், அவர் படிச்ச எலெக்றீசியன். கூரை எவ்வளவு உயரமெண்டாலும் பரவாயில்லை, பாய் விரிக்கிற இடத்துக்கு மட்டும் எறிக்க விட்டாக் காணும். தூசி கிளம்பாது. சனம் வரக் கொஞ்சம் முந்திப் போட்டாக் காணும். பாடுறது கேக்கும்" என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"உம்மட மனுசனுக்காகத்தானே உந்தப் பாடு?"

"ஓம். அவருக்காகத்தான். அதில என்ன வெக்கம்? ஒரு ஆள் மூண்டு வரியமாக் காருக்கை இருந்து பொங்கல் கொண்டாடுறார். உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

யாரும் சிரிக்கவில்லை. தலைவரின் மனைவி தங்கேஸ்வரி தலை குனிந்து பாயில் இல்லாத தும்பு ஒன்றை எடுத்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சரி. பொங்கலண்டைக்குப் போட்டுப் பாப்பம். சனம் விறைச்சுதெண்டால் நீர் மைக்கில வந்து 'எனக்குப் பிழைச்சுப் போச்சு' எண்டு சொல்லவேணும். அந்தத் தட்டுகளையும் கழட்டிப் போடுவம்."

"சொல்லுறன். விறைக்காட்டி நீங்கள் சொல்லுங்கோ."

"ஓம் ஓம், பாப்பம்."

கிளெமென்ற் மன்னார்ப் பெடியன், வேலையில் சுத்தம். சாரக்கட்டுப் போட்டு ஏறி, ஆறு பனல்களையும் சங்கிலியில் தொங்கவிட்டு, பாய் விரிக்கிற இடத்துக்கு நேரே சரித்துப் பூட்டினான். இறங்கி வந்து கையைத் துடைத்தபடி சொன்னான்: "அக்கா, இது அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் எண்டு வையுங்கோவன். வெளிச்சத்துக்கு முன்னாலை எதைப் பிடிச்சாலும் நிழல் விழுமெல்லோ, அதுதான் கணக்கு. நடுவில ஒண்டும் வரக்கூடாது. கிட்டத் தொங்கவும் கூடாது, பத்திப் போடும். சோடனைக்காரருக்குச் சொல்லிவிடுங்கோ."

அன்று பின்னேரமே ஸ்ரீதரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் வாசலில் நின்று மூக்கைச் சுருக்கி மணந்தான். ஊதி இல்லை, இரைச்சல் இல்லை, தூசி நிலத்தில் தன்பாட்டில் கிடந்தது. அதையும் சிவகாமி ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தாள். பாயில் வந்து இருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். பிறகு ஜக்கெற்றைக் கழற்றினான். சீமெந்தைக் கையால் தடவிப் பார்த்தான்.

"நிலமும் சுடுது" என்றான்.

"இருமல்?"

"எங்கை இருமல்?"

மிருதங்கத்தை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். அந்தப் பெரிய தகர மண்டபத்தில் அது சுத்தமாகக் கேட்டது. சிவகாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று கேட்டால் சண்டைக்கு வருவாள் என்று தெரிந்து அவன் ஒன்றும் கேட்கவில்லை.

கிளெமென்ற் சொன்னதை அவள் தலைவருக்குச் சொன்னாள். "அண்ணை, பனலுக்குக் கிட்டப் பலூன், கடுதாசிப் பூ ஒண்டும் கட்ட விடாதையுங்கோ." தலைவரும் சொன்ன சொல் தவறவில்லை. சோடனை செய்ய வந்த பெடியளைப் பிடித்து, "ஒரு பலூன் மேலை போகக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்று அதட்டி, கட்டிய நான்கையும் தன் கையாலேயே உடைத்தார். எல்லாம் சரி. ஆனால் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை, சிவகாமியும் யோசிக்கவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் மேலே வெள்ளை கட்டுவது நம்முடைய முறை. கூரைக்குக் கீழே பந்தல்போல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவது. அதை யாரும் சோடனை என்று எண்ணுவதில்லை. பலூன் சோடனை, பூ சோடனை. வெள்ளை என்றால் வெள்ளைதான்.

பொங்கலன்று காலையில் சிவகாமி மண்டபத்துக்குள் போகவே இல்லை. வாசலுக்கு வெளியே பனியை விலக்கி, காஸ் அடுப்பு வைத்து, கிழக்குப் பார்த்துப் பானை ஏற்றியிருந்தது. பொறுப்பு அவளுடையது. கிழக்கில் சூரியனைக் காணவில்லை. அழுக்குப் பஞ்சுபோல முகில் அடைத்திருந்தது. சனம் சால்வையாலும் தொப்பியாலும் மூடிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றது. தலைவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். அதற்குக் கீழே கம்பளிக் காற்சட்டை எட்டிப் பார்த்தது. பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லாரும் காணாத சூரியனைக் கும்பிட்டார்கள். பிறகு தள்ளுமுள்ளுப்பட்டு உள்ளே ஓடினார்கள்.

சிவகாமி பானையை ஒப்படைத்துவிட்டுக் கடைசியாக வந்தாள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே கால் வைத்தவளுக்குப் பாதம் சுரீர் என்றது. நிலம் பனிக்கட்டி. சனம் ஜக்கெற்றோடு பாயில் குறுகி இருந்தது. வாயால் புகை வந்தது.

"சிவகாமி, உம்மட வெயில் இண்டைக்கு லீவோ?" என்று யாரோ கேட்டார்கள். பின்வரிசையில் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள்.

அவள் நேரே சுவிச்சடிக்குப் போனாள். போட்டுத்தான் இருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகுதான் அண்ணாந்து பார்த்தாள்.

வெள்ளை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டிய வெள்ளை, ஓரத்தில் சிவப்புக் கரை. வடிவென்றால் வடிவு, பொய் சொல்லக்கூடாது. கயிற்றைக் கட்ட வேறு இடம் கிடைக்காமல் பனல் தொங்கிய சங்கிலிகளிலேயே கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். ஆறு பனல்களும் துணிக்கு மேலே எறித்துக்கொண்டிருந்தன. யாருக்கு? சிலந்திக்கு.

சிவகாமிக்குக் கடைவாசலில் பிடித்து விளையாடிய மட்டை அட்டை ஞாபகம் வந்தது.

"அண்ணை, ஆர் இது கட்டினது?"

"நான்தான். முந்தநாள் பின்னேரம் ஏறிக் கட்டினனான். வடிவா இருக்கெல்லோ?" தலைவருக்கு உண்மையிலேயே பெருமை. "அந்த இரும்புத் தட்டுகளும் மறைஞ்சு போச்சு."

"தட்டு மறைஞ்சா வெக்கையும் மறையும் அண்ணை! அவிழுங்கோ இதை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? பலூன் வேண்டாமெண்டனீர், கட்டேல்லை. வெள்ளை இல்லாமல் ஒரு நல்ல காரியமோ? கட்டின வெள்ளையைக் காரியம் முடிய முன்னம் அவிழ்க்கிறதோ? அபசகுனம் பிடிச்ச வேலை." அவர் திரும்பி, "பெடியள், ஊதியைக் கொண்டு வாங்கோடா. சனம் விறைக்குது" என்றார்.

"அண்ணை, ஊதி வேண்டாம். அவர் உள்ளுக்கை இருக்கிறார்."

"ஒரு ஆளுக்காக இவ்வளவு சனத்தையும் விறைக்க விடுறதோ?"

ஊதிகள் வந்தன. சுவரில் செருகினார்கள். விமானம் கிளம்பியது.

மேடையில் ஸ்ரீதரன் அப்போதுதான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்து முடித்திருந்தான். பட்டுச்சட்டை போட்டிருந்தான், மூன்று வருடத்துக்குப் பிறகு. முதல் தூசி வந்ததும் வாயைப் பொத்தினான். இரண்டாவது இருமலில் தோள் குலுங்கியது. அவன் சண்டைக்காரன் இல்லை. மிருதங்கத்தை உறைக்குள் வைத்தான், மகளின் தலையில் கையை வைத்தான், எழும்பி வெளியே போனான். அவ்வளவு சனமும் வழிவிட்டது. கம்சிகா மைக்கை விட்டு விலகி நின்று தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சிவகாமி சாகும்வரைக்கும் மறக்கமாட்டாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். ஊதிச் சத்தத்துக்கு மேலால் கத்த வேண்டியிருந்தது. "சிவகாமி ரெண்டு வார்த்தை சொல்லுவா. சொல்லுறன் எண்டு வாக்குத் தந்தவ."

சிவகாமி போனாள். மேசையில் கரும்பு வெட்டிய கத்தி கிடந்தது, போகிற போக்கில் அதை எடுத்துக்கொண்டு போனாள். மைக்குக்கு முன்னால் கத்தியோடு நின்றவளைப் பார்த்துப் பின்வரிசைச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"எனக்குப் பிழைச்சுத்தான் போச்சு" என்றாள். தலைவர் தலையை ஆட்டினார். "பலூன் கட்டாதையுங்கோ எண்டு சொன்னனான், வெள்ளை கட்டாதையுங்கோ எண்டு சொல்ல மறந்து போனன். அந்தப் பிழை என்ர. இனிக் கேளுங்கோ. இப்பத்தான் வெளியில விறைக்க விறைக்க நிண்டு சூரியனுக்குப் பொங்கிப்போட்டு வந்தனாங்கள். உள்ளை வந்து என்ன செய்யிறம்? எங்களுக்கெண்டு எறிக்கிற வெயிலைத் துணியால மூடிக் கட்டிப்போட்டு, விறைக்குது விறைக்குதெண்டு கத்துறம். ஊரில வெயில் தாங்கேலாமல் நிழலுக்குப் போட்டது பந்தல். இஞ்சை ஆருக்கப்பா வெயில் கூடிப்போச்சு? கையைத் தூக்குங்கோ பாப்பம்!"

ஒரு கையும் எழும்பவில்லை.

மேடைக்குப் பின்னால் வெள்ளை கட்டிய ஏணி அப்படியே சாத்தியிருந்தது. சேலைக் கரையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு சிவகாமி அதை இழுத்து வந்தாள். தலைவர் குறுக்கே வந்தார்.

"முறை எண்டு ஒண்டு இருக்குப் பிள்ளை. பொம்பிளை ஏறி வெள்ளை அவிழ்க்கிறதோ? எங்கை கண்டனீர்?"

"முறையைப் பற்றி நீங்கள் கதைக்கிறியள்! ஊரில துணி வெளுக்கிற ஆக்கள்தானே வந்து இதைக் கட்டினவை, அவையை வீட்டுக்கை இருத்தி ஒரு தேத்தண்ணி குடுத்தனீங்களோ? இஞ்சை வேற ஆளில்லையெண்டு நீங்களே ஏறிக் கட்டினியள். முறை அண்டைக்கே மாறிப் போச்சண்ணை. நீங்கள் கட்டலாமெண்டா நான் அவிழ்க்கலாம். விலகுங்கோ."

ஸ்ரீஸ்கந்தராசா ஏணியை விட்டு விலகவில்லை. அந்த நேரத்தில் தங்கேஸ்வரி எழும்பினாள். இருபது வருடமாகத் தலைவருக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்தே பழகிய மனுசி. மூக்கை உறிஞ்சினாள்.

"என்னவோ அயன் பண்ணேக்கை துணி கருகிற மணம் வருது" என்றாள். சேலை கருக்கிய பெண்களுக்குத்தான் அந்த மணம் முதலில் பிடிபடும். அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையில் ஓரிடம் மெல்ல மஞ்சளித்துக்கொண்டு வந்தது. "ஐயோ, கோதாரி! இஞ்சாருங்கோ, விலகுங்கோ அங்காலை!" என்று புருஷனைக் கையால் ஒதுக்கிவிட்டு வந்து ஏணியைப் பிடித்தாள். "ஏறு தங்கச்சி. நான் பிடிக்கிறன்."

சிவகாமி சுவிச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு ஏறினாள். ஏறி முதல் கயிற்றை அறுத்தாள். பனல் இன்னும் முகத்தில் சுட்டது. இரண்டாவது, மூன்றாவது. இறங்கி ஏணியை நகர்த்தினார்கள், மறுபடி ஏறினாள். கடைசிக் கயிறு அறுந்ததும் வெள்ளை மெல்ல மிதந்து இறங்கி, முன்வரிசையையும் தலைவரையும் சேர்த்து மூடியது. குழந்தைகள் கூவிக்கொண்டு அதற்குள் புகுந்தன. தங்கேஸ்வரி போய் இரண்டு ஊதிகளின் வயரையும் பிடுங்கி எறிந்தாள்.

இரைச்சல் நின்றது. மண்டபத்தில் அப்படி ஒரு அமைதியை ஒருத்தரும் கேட்டதில்லை. துணி பத்தவில்லை என்று பார்த்துவிட்டுச் சிவகாமி சுவிச்சைத் திரும்பப் போட்டாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைத் தடவினார்.

"அட, வெயில் எறிக்குதடாப்பா!" என்றார்.

அதன் பிறகு ஜக்கெற் கழற்றுகிற சத்தம்தான். ஒருத்தி கைக்குழந்தையின் போர்வையைத் தளர்த்தினாள். பின்வரிசைக்காரர் வெட்கமில்லாமல் பாயை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

தங்கேஸ்வரி வெள்ளையை இழுத்து மடிக்கப் போனவள், மடிக்காமல் புருஷனுக்கு முன்னால் விரித்தாள். துணியில் ஆறு இடங்களில் தோசை முறுகல்போலப் பழுப்புத் தடம் இருந்தது.

"சத்தமில்லாமல் வெக்கை வருமோ எண்டு கேட்டனீங்களே, பாருங்கோ. முழுக்க இதிலதான் கிடக்கு" என்றாள். தலைவர் பார்த்தார். கழுத்துவரைக்கும் இழுத்துவிட்ட ஜக்கெற்றோடு நின்றார்.

சிவகாமி இதற்குள் வெளியே போயிருந்தாள். சப்பாத்தைப் போடவும் மறந்து, பட்டுச்சேலையோடு வெறுங்காலில் பனிக்குள் நடந்து போனாள். காருக்குள் ஸ்ரீதரன் மிருதங்கத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். அவள் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவி எடுத்தாள்.

"வாங்கோ."

"வேண்டாமப்பா. பேந்து இருமினா பிள்ளையின்ர பாட்டுக் கெட்டுப் போம். ஊதி..."

"ஊதியை நிப்பாட்டியாச்சு."

"தலைவர்?"

"அவரையும் நிப்பாட்டியாச்சு."

ஸ்ரீதரன் அவளுடைய காலைப் பார்த்தான். "உமக்கு என்ன பைத்தியமே, சப்பாத்து எங்கை?"

"நீங்கள் வராட்டி இப்படியேதான் நிப்பன். கால் விறைச்சு விழுந்தா நீங்கள்தான் தூக்கவேணும்."

அவன் இறங்கினான். வேறு வழி?

உள்ளே அவன் வந்தபோது சனம் மறுபடியும் வழிவிட்டது. மேடையில் இருந்து மிருதங்கத்தைத் தட்டினான். சத்தம் தொய்ந்து வந்தது. வெளிக் குளிரில் தோல் இறங்கிவிட்டது. அவன் அவசரப்படவில்லை. மிருதங்கத்தைத் தூக்கி, வலப்பக்கத் தோலான வலந்தலையைப் பனலுக்கு நேரே காட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தான். மண்டபம் முழுக்கக் காத்திருந்தது, ஒருத்தரும் இருமவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டினான். தோல் ஏறியிருந்தது. கம்சிகாவைப் பார்த்துத் தலையசைத்தான்.

அவள் பாடினாள். எப்படிப் பாடினாள் என்று கேட்டால் அங்கே இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்த மண்டபத்தில் முதல்முறையாகப் பாட்டின் சொல் கேட்டது என்று பின்னாளில் பலர் சொன்னார்கள்.

பாட்டு முடிந்ததும் சிவகாமி எழும்பிப் போய் மைக்கைத் தலைவருக்கு முன்னால் நீட்டினாள். "விறைக்காட்டி நீங்கள் சொல்லுறதெண்டு கதை." ஸ்ரீஸ்கந்தராசாவின் நெற்றியில் வியர்வை ஓடியது.

"ஜக்கெற்றைக் கழட்டுங்கோவன், வேர்க்குது" என்றாள் தங்கேஸ்வரி.

"எனக்குக் குளிருது" என்றார் அவர்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கும் உதடு துடித்தது, ஆனால் ஜக்கெற்றின் சிப்பை இறக்கவில்லை. மைக்கை வாங்கி, "வெள்ளையை இனி... நிலத்தில விரிப்பம், சனம் இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாங்க முடியாது. சிவகாமி விடுகிறவள் இல்லை. "உதில்லைக் கதை! பிழைச்சுப் போச்செண்டு..." என்று தொடங்கினாள்.

"இஞ்சை தாரும்" என்று பின்னால் குரல் கேட்டது. ஸ்ரீதரன் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் மைக்கைக் கொடுத்தாள். அவன் தலைவரையும் பார்க்கவில்லை, சனத்தையும் பார்க்கவில்லை. மூலையில் வயர் பிடுங்கிக் கிடந்த இரண்டு ஊதிகளையும் பார்த்துக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். இருமிவிடுவான் என்று சிவகாமி ஒரு அடி கிட்ட வந்தாள். அவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டுச் சொல்லத் தொடங்கினான். தகதிமி தகஜொணு என்று மெல்லத் தொடங்கி, இரட்டிப்பு வேகம் எடுத்து, நிறுத்தாமல், இருமாமல், ஒரே மூச்சில் தீர்மானம் என்கிற முடிவுக் கட்டுவரைக்கும் கொண்டுபோய் முடித்தான்.

கைதட்டலில் தகரச் சுவர் அதிர்ந்தது. ஸ்ரீதரன் மூச்சு வாங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"எப்பிடி?" என்றான்.

சிவகாமி வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.